கச்சிதமாகப் பொருந்திய ஷாஃப்ட்

போடியில் ஜீப் மெக்கானிக் ரெஜினாவை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சேற்றிலும் மேட்டிலும் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். சிஷ்யர் சிக்கந்தருக்கும் ஏறக்குறைய அவர் வயதுதான், ஐம்பதுக்கு மேல். ஆள் துள்ளுகிற துள்ளலைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

துள்ளாமல் என்ன செய்வார், பாவம்! மறுநாள் சேற்றுப் பந்தயம். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லப்போவது மனைவி ரகமத். பந்தயத்துக்காகவே ஜீப்பை நாலு இஞ்ச் உயர்த்தியிருந்தார். உயர்த்தியதில் வந்தது வினை. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட் எட்டாமல் ஒத்திகையிலேயே கழன்று விழுந்துவிட்டது. வேறொன்று மாட்டாவிட்டால் பந்தயம் கிடையாது.

ஷெட்டில், குழாய்க்குள் குழாயாகச் சுருங்கி நீளும் ஷாஃப்ட் இரண்டு கிடந்தன. ஒன்று நீளம், ஒன்று கொஞ்சம் குட்டை.

"எதைப் போடலாம் மாஸ்டர்?"

"நீங்களே பாருங்க பாய்."

சிக்கந்தர் ஜாக்கி வைத்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினார். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. அடியில் புகுந்து குட்டையைப் பிடித்துப் பார்த்தார். இழுத்தால்தான் எட்டியது. நீளத்தை வைத்தார். சிக்கென்று உட்கார்ந்தது.

"யா அல்லாஹ்! அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு மாஸ்டர்! ரகமத், ஜெயிச்சாச்சு போ!"

ரகமத் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. காலையிலிருந்து அதோடுதான் நிற்கிறார். "ஜெயிக்கிறது இருக்கட்டும், முதல்ல போல்ட்டை முறுக்குங்க!" என்றார்.

முறுக்கியாயிற்று. மாஸ்டர் ஜாக்கியைத் தளர்த்தினார். வண்டி மெல்ல இறங்கியது. சக்கரம் தரையைத் தொட்டு, ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கத் தொடங்கியதும் அடியில் கிறீச்சென்று ஒரு சத்தம்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" சிக்கந்தர் அலறிவிட்டார். ஆக்சில் மேலேறி நெருங்க, சுருங்க இடமில்லாமல் ஷாஃப்ட் கியர்பாக்ஸை முட்டிக்கொண்டு நின்றது.

"இன்னும் இறக்கவா பாய்?"

"வேணாம் மாஸ்டர், கியர்பாக்ஸ் பிளந்துரும்! பந்தயமும் போச்சு, வண்டியும் போச்சு!"

மாஸ்டர் மறுபடி தூக்கி, நீளத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு வண்டியை முழுசாகத் தரையில் இறக்கினார்.

"நாளைக்கு யார் யார் வர்றீங்க?"

"நானும் இவளும்தான்."

"ஏறுங்க. ஸ்டெப்னி, டீசல் கேன், கயிறு எல்லாத்தையும் ஏத்துங்க."

ஏறினார்கள். வண்டி நன்றாகவே அமுங்கியது. மாஸ்டர் தரையில் படுத்து, குட்டை ஷாஃப்ட்டை மாட்டி முடுக்கினார். சுருங்கவும் நீளவும் அதற்கு இரண்டு பக்கமும் இடம் இருந்தது. ரகமத் உள்ளே உட்கார்ந்தபடியே விசில் அடித்தார். சிக்கந்தருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இருந்தாலும் மனசு ஆறவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"தூக்கி வச்சப்போ அது அவ்வளவு கச்சிதமா இருந்துச்சே மாஸ்டர். அப்ப அது பொய்யா?"

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பொய்யில்ல பாய். அப்ப வண்டி யாரையும் சுமக்கல."