தேன் பாறைக்கு ஒரு மச்சான்

வைத்தியலிங்கத்துக்கு ஐம்பத்தாறு வயது. கல்லூரியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய குரு மாதிக்கு முப்பதுதான். குறும்பர் பழங்குடிப் பெண். வேங்கைப் பிசினும் இலைச்சாறும் குழைத்து மாதி வரைந்த படத்தைப் பார்த்த அன்றே, தன் பட்டமெல்லாம் சும்மா என்று இவருக்குத் தெரிந்துபோயிற்று.

நீலகிரிப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாண்டுச் சுவரை மாதி இவரிடம் ஒப்படைத்தார். மூன்று வாரம் மாய்ந்து மாய்ந்து வரைந்தார் மனிதர். செங்குத்துப் பாறை, தேனடை, கயிற்றில் தொங்கும் ஆள், உச்சியில் கயிறு கட்டிய மரம். மலைக்காரர்கள் பார்த்து நம்ம சுவர் என்று சொல்லிவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் அவருக்கு.

முடித்த மறுநாள் காலையில் பஸ் மாற வந்தார் பெள்ளன். நாற்பது வருஷம் தேன் எடுத்தவர். சுவரைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. கீழே பெஞ்சு காலியாக இருந்தும் வெயிலில் போய் நின்றுகொண்டார்.

"என்ன பெரியவரே, பிடிக்கலையா?" என்று கேட்டார் வைத்தியலிங்கம்.

"கயித்த மரத்துல கட்டிட்டு எவனாச்சும் இறங்குவானா? பொண்டாட்டி கூடப்பொறந்தவன், மச்சான்தான் புடிக்கணும். தங்கச்சிக்காகவாச்சும் விடமாட்டான். மரத்துக்கு ஏதுய்யா தங்கச்சி?"

வைத்தியலிங்கம் இடிந்துபோய், பக்கத்தில் நின்ற மாதியிடம் திரும்பினார். "மானமே போச்சு, மாதியம்மா! உச்சியில மச்சானுக்கு இடமே இல்லையே!"

மாதி விழுந்து விழுந்து சிரித்தார். ஈரத்துணியால் மரத்து முடிச்சைத் துடைத்தார். அங்கிருந்து கயிற்றைச் சுவரோடு கீழே வரைந்துகொண்டே வந்து, பெஞ்சில் உட்காருகிறவர் கைக்கு எட்டும் இடத்தில் நிறுத்தினார்.

பெள்ளன் வந்து உட்கார்ந்தார். காலை நன்றாக ஊன்றி, கயிற்று நுனியில் கையை வைத்தார். உள்ளங்கையெல்லாம் பிசின்.

அவருடைய பஸ் வந்தது. கண்டக்டர் விசில் அடித்தார்.

"தாத்தா, ஏறலையா?"

"இருய்யா! விட்டா அவன் விழுந்துருவான்!"

ஸ்டாண்டே சிரித்தது. பக்கத்தில் மூட்டையோடு இருந்த வெங்காய வியாபாரியின் கையைப் பெள்ளன் பிடித்து இழுத்தார். முன்பின் தெரியாத ஆள்.

"மச்சான், கெட்டியா புடிச்சுக்க."

வியாபாரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பெள்ளன் ஓடிப்போய் ஏறி, ஜன்னலில் தலையை நீட்டினார்.

"நம்ம சுவரு, பாத்துக்கப்பா!"

வைத்தியலிங்கத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. தூரிகையை எடுத்தார்.

"மாதியம்மா, அந்த நுனியில ஒரு கையாவது வரைஞ்சிடட்டுமா?"

"வேணாம் சார். அடுத்த பஸ்ஸுல வருது."