சம்பந்தியம்மாளுக்கு முன்சீட்டு

எங்க ஊர் மைக்செட்டு முதலாளி நல்லசிவத்தின் பிக்கப் வண்டி, ஜெனரேட்டரை இழுத்துப் போகும்போது குழிக்குக் குழி குதிக்கும்.

"ஷாக் அப்சார்பர் செத்துப்போச்சுங்க. இழுவைக்குத் தாங்குற மாதிரி புதுசு மாட்டணுங்க," என்றான் டிரைவர் பொன்னரசு.

"வண்டி வெண்ணெய் மாதிரி போகுது! உனக்குத்தான் ஓட்டத் தெரியல. இனி ஜெனரேட்டர் ஆடுச்சுன்னா உனக்கு வேலையில்ல," என்று மெக்கானிக் கடையில் எல்லார் முன்னாலும் கத்தினார் முதலாளி.

"சரிங்க. நாளைக்கு உங்க பொண்ணு நிச்சயத்துக்கு ஜெனரேட்டர் கொண்டு வர்றப்ப, வழியில சம்பந்தியம்மாளையும் முன்சீட்டுல ஏத்திட்டு வந்தர்றனுங்க."

முதலாளி பதறிப்போனார். "டேய், அந்தம்மா இடுப்பு என்னத்துக்கு ஆகும்? கல்யாணமே நின்னுபோகுமடா!"

கடையே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள், "நாலு ஷாக் அப்சார்பரையும் மாத்துங்கப்பா, நல்லதாவே போடுங்க," என்று ஜாக்கியைத் தானே எடுத்துக் கொடுத்தார் முதலாளி.