அலறலைக் கழித்தல்

கருத்தரங்கு மூன்று மணிக்கு. அரை மணி நேரம் இருக்கையில் ஜெனிபா பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இன்று பேசாவிட்டால் அவளுடைய ஆய்வேடு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். அது அவளுக்கும் தெரியும், வழிகாட்டி அங்கயற்கண்ணிக்கும் தெரியும்.

"ஏன்?" என்றார் அங்கயற்கண்ணி.

"பொய் சொல்ல வரலை மேடம்."

காலி அரங்கின் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். வாதம் என்று வந்தால் சோறு தண்ணி மறந்துபோகும் ரகம். கரும்பலகையில் அவளே வரைந்த படங்கள்: எலெக்ட்ரான் தான் உமிழ்ந்த ஒளியைத் தானே விழுங்கும் வளையம், அதற்குள் இன்னொரு வளையம். எந்த வளையத்தைக் கணக்கிட்டாலும் விடை முடிவிலி. பக்கத்தில் அதே வளையங்கள் கிளைவிட்ட மரப் படங்களாக நின்றன. எந்தக் கிளையை எங்கே வெட்டலாம், வெட்டினால் எது மிஞ்சும் என்று சொல்கிற இயற்கணிதம் அது. அவளுடைய ஆய்வே அதுதான்.

"முடிவிலியிலேருந்து முடிவிலியைக் கழிச்சேன், ஒரு எண் வந்துச்சுன்னு சொல்லணும். ஸ்கூல்ல இதைச் செஞ்சா முட்டை போடுவாங்க. இங்கே டாக்டர் பட்டம் குடுக்குறீங்க."

"கண்டபடி கழிக்கலையே. உள்ளே இருக்கிறதை முதல்ல, வெளியே இருக்கிறதை அப்புறம். உன் மரம் அதைத்தானே சொல்லுது?"

"வரிசையாத் திருடினா திருட்டு இல்லைன்னு ஆயிடுமா மேடம்?"

மைக் பார்க்கும் அந்தோணி டீக்குப் போயிருந்தார். அங்கயற்கண்ணி அவருடைய மேசைக்குப் போய், மேடை ஒலிபெருக்கிப் பெட்டிக்கு ஒன்றும் அரங்கப் பெட்டிகளுக்கு ஒன்றுமாக இருந்த இரண்டு ஒலித் திருகுகளையும் முழுக்கத் திருப்பினார். மைக் தன் சத்தத்தைத் தானே கேட்டு, கேட்டதையே மறுபடி கத்தி, அரங்கமே அலறியது. ஜெனிபா காதைப் பொத்திக்கொண்டாள்.

"இதை அடக்கு. ஆனா நான் பேசுறது கடைசி வரிசைக்குக் கேக்கணும்," என்று அவள் காதருகே கத்திவிட்டு அங்கயற்கண்ணி மைக் முன்னால் போய் நின்றார்.

ஜெனிபா மேசைக்கு ஓடி அரங்கத் திருகை அடியோடு இறக்கினாள். பெரிய அலறல் போயிற்று. மேடையோரத்துச் சின்னப் பெட்டி மட்டும் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. அரங்கத்தை மறுபடி ஏற்றினால் அந்தக் கீச்சும் கூடவே ஏறியது. ஏற்றினாள், இறக்கினாள், பல்லைக் கடித்தாள். கடைசியில் சின்னப் பெட்டியைக் கீச்சு அடங்கும்வரை இறக்கினாள். அதற்குப் பிறகு அரங்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அலறப் போகிற இடத்தில் பின்வாங்கினாள்.

"மத்தியானம் சாப்பிட்டியா?" அங்கயற்கண்ணியின் குரல் கடைசி வரிசைவரை தெளிவாகப் போயிற்று.

"இல்லை."

"அலறல் எவ்வளவு இருந்தது?"

"அதுக்கு ஏது அளவு? விட்டா ஏறிக்கிட்டே போகும்."

"நீ எவ்வளவு கழிச்சே?"

"தெரியலை. அடங்குற வரைக்கும்."

"மிஞ்சினது?"

"உங்க கு..." ஜெனிபா வாயை மூடிக்கொண்டாள். மூடியது ஒரு நொடிதான்.

"இது செல்லாது மேடம். உங்க குரல் எனக்கு முன்னாடியே தெரியும். மைக்கை அணைச்சாலும் அது இருக்கும். அதனாலதான் எது மிச்சம்னு எனக்குப் புரிஞ்சுது. எலெக்ட்ரானுக்கு மைக்கை அணைக்கவே முடியாது. தனியா இருக்கிற அதோட குரலை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. வளையத்தோடதான் வருது, வளையத்தோடதான் அளக்குறோம்."

கதவு திறந்தது. துறைத் தலைவரும் மற்றவர்களும் பேசிக்கொண்டே வந்து நாற்காலிகளை இழுத்தார்கள். வாதாடிக்கொண்டிருந்த ஜெனிபாவின் விரல் இன்னும் காற்றில் நீண்டபடியே இருந்தது.

அங்கயற்கண்ணி மைக்கை விட்டு ஒதுங்கி நின்றார்.

"இதையே முதல் வரியாச் சொல்லு," என்றார்.