மத்தளராயர் முத்தம் குடுத்த புஸ்தகம்

ஒரு ஊர்ல ஒரு எருமை இருந்துச்சு. ராஜாவும் ஒருத்தர் இருந்தாரு, ஆனா நமக்கு எருமைதான் முக்கியம். அதுக்குப் பேரு கருப்பட்டி. அதை வளர்த்தவ அஞ்சுகம், படம் எழுதுறவ. கருப்பட்டி கறக்குற பாலை வித்துத்தான் அவ வீட்டு அடுப்பு எரிஞ்சுது. கேக்குறியா?

ம்.

ராஜா பேரு மத்தளராயர். ஏன் அந்தப் பேருன்னு அவரு வயித்தைப் பாத்தவங்களுக்குத் தெரியும். கருப்பட்டியோட தயிர் மேல அவருக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு. அப்போ ஒரு நாள் அஞ்சுகத்தைக் கூப்பிட்டு விட்டாரு. நான் ஊர்வலம் போறதைப் படமா எழுதி, விசிறி மாதிரி மடிக்கிற ஒரு புஸ்தகம் பண்ணிக் குடு, பிடிக்கலைன்னா உன் எருமை அரண்மனைக்குன்னு சொல்லிட்டாரு.

அப்புறம் அஞ்சுகம் காகிதத்தைத் துண்டு துண்டா வெட்டி, கஞ்சிப்பசை தடவி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பாய் நீளத்துக்கு ஆக்கினா. இந்தப் பக்கம் ஒரு மடிப்பு, அந்தப் பக்கம் ஒரு மடிப்பு, சரக், சரக். ரெண்டு முனையிலயும் அட்டை. அப்புறம் வேப்பம்பிசின் கலந்த சாயத்துல கொடி, குதிரை, யானை, அதுக்குப் பின்னால ராஜா, கடைசியா சமையல் பாத்திரம் சுமக்குற கழுதை.

ராஜா விரிச்சுப் பாத்தாரு, பூரிச்சுப் போனாரு. மூடினாரு, டப். அப்போ மந்திரி மெதுவா இருமினாரு. மூடினா ஒரு பக்கம் எதிர்ப் பக்கத்து மேல படியும் இல்லையா? ராஜாவோட வாய் சரியா யானையோட பின்பக்கத்துல. மூடுறப்பல்லாம் ஒரு முத்தம்.

ம்... யானைக்கு வால் இருந்துச்சா?

இருந்துச்சு. அதுக்கும் சேத்துத்தான்.

மாத்தி எழுதுன்னு ராஜா கத்தினாரு. எதிர்ப் பக்கத்துல மரியாதையான ஆளை வச்சா வம்பு இல்லன்னு அஞ்சுகம் நினைச்சா. மகாராணியோட அம்மாவைச் சந்தனக் கிண்ணத்தோட எழுதினா. ராஜா விரிச்சாரு, மூடினாரு, டப். மாமியாரம்மா பக்கத்துலயே நின்னாங்க. முந்தானையால கன்னத்தை மட்டும் துடைச்சுக்கிட்டாங்க. மகாராணி தூணைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க.

"இன்னும் ஒரே தடவை. அப்பவும் எனக்குப் பிடிக்காத ஆளா இருந்தா எருமை எனக்கு"ன்னாரு ராஜா. சொன்னதோட விடல, கருப்பட்டியைக் கொண்டாந்து அரண்மனை வாசல்ல கட்டியும் போட்டாரு.

எருமை அங்கேருந்து 'ம்ம்மா'ங்குது. அஞ்சுகம் யோசிக்கிறா. குருவை எழுதலாமா, ராஜாவுக்கு அவரைப் பிடிக்காது. ராஜாவோட தம்பியை எழுதலாமா, அவனை அறவே பிடிக்காது. இந்தாளுக்கு யாரைத்தான் பிடிக்கும்னு புலம்பினா. அப்போதான் பளிச்சுன்னு ஒரு யோசனை வந்துச்சு. விறுவிறுன்னு எழுதினா. ஊர்வலம் போற ராஜா இந்தப் பக்கம். திரும்பி வர்ற ராஜா அந்தப் பக்கம்.

சேவகன் அவசரப்படுத்தினான். சாயம் காயுறதுக்குள்ள புஸ்தகத்தைத் தூக்கிட்டு ஓட வேண்டியதாப் போச்சு.

"இன்னும் ஈரம் இருக்கு மகாராஜா, மூடாதீங்க."

"மூடிப் பாக்காம எப்படித் தெரியும்? நீ சும்மா இரு."

சப்பக்.

ராஜா யோசிச்சாரு, தானே தனக்கு முத்தம் குடுக்குறோம்னு அவருக்கு மெல்லப் புரிஞ்சுது. கண்ணு கலங்கிடுச்சு.

"இப்பதான்டி சரியான ஆளாப் பாத்து வச்சிருக்க. எருமையை ஓட்டிட்டுப் போ."

அஞ்சுகம் கயித்தை அவுத்தாளோ இல்லையோ, தடதடன்னு ரெண்டு பேரும் ஊர் எல்லையைத் தாண்டிட்டாங்க. ஏன்னா பிசின் ஒட்டினா என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியும்.

ம்...

ராஜா மறுபடி விரிச்சாரு. அந்த மடிப்பு மட்டும் வரல. இழுத்தாரு, சர்ர்ர். "இன்னும் இழுத்தா மூக்கு போயிடும் மகாராஜா"ன்னாரு மந்திரி. அப்படியே விட்டுட்டாரு.

அப்புறம் வெளியூர் விருந்தாளிங்க வந்தா அந்தப் புஸ்தகத்தைத்தான் விரிச்சுக் காட்டுவாங்க. கொடி வரும், குதிரை வரும், யானை வரும், அடுத்தது கழுதை. ராஜா எங்கேன்னு கேப்பாங்க. மந்திரி மூஞ்சியில சிரிப்பே இல்லாம சொல்லுவாராம்:

"உள்ளதான் இருக்காரு. கொஞ்சம் வேலையா இருக்காரு."

அவரு வேலை முடியறப்ப முடியட்டும். நம்ம கதை ஆச்சு. காலை என் மேல போடாம தூங்கு.