மரம் போனால் மிச்சம்

வேங்கையூர் ராஜாவின் அமைச்சர் தாண்டவராயர், தரையில் கால் படுவதே கௌரவக் குறைச்சல் என்று எங்கேயும் பல்லக்கிலேயே போகிறவர். அறுவடை முடிந்து அரண்மனை முற்றத்தில் வரி நெல் மலையாகக் குவிந்திருந்த நாளில், அவர் ராஜாவிடம் ஒரு யோசனை சொன்னார்.

"இவ்வளவும் வயல் கொடுத்தது. காடு ஒரு மணி நெல் கொடுத்ததுண்டா? வெட்டிக் கொளுத்தி வயலாக்கிவிடலாம், மகாராஜா."

சமையற்கட்டுக்கு விறகு கொண்டுவந்த சடைச்சியின் காதில் அது விழுந்தது. அவள் பிழைப்பே காடுதான்.

"காடும் கொடுக்குது, சாமி" என்றாள்.

"அப்படியா? அதன் பங்கு எவ்வளவு என்று இப்போதே அளந்து காட்டு. முடியாவிட்டால் நாளைக்கே காட்டுக்குள் கோடரி இறங்கும்" என்றார் அமைச்சர்.

"அளந்துட்டாப் போச்சு. அந்த மரக்காலைக் கொடுங்க, சாமி."

நெல் அளக்கும் மரக்காலைக் கொடுத்தார்கள். அவள் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

"ஏய், அதை எங்கே கொண்டுபோகிறாய்? நெல்லை எதால் அளப்பது?" என்று கத்தினார் அமைச்சர்.

சடைச்சி திரும்பினாள். "இது எங்க காட்டுப் பலாவுல குடைஞ்சது. காடு வேணாம்னா இதுவும் வேணாம்தானே? பங்கு கேட்டீங்களே, அது பேருலயே இருக்கு, சாமி. மரக்கால்ல மரம் போனா மிச்சம் கால். உங்க வரியில கால் பங்குதான் வயலு. மீதி முக்காலும் காடு!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "காட்டில் ஒருவனும் கை வைக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார்.

அமைச்சர் முகம் கறுத்துப் பல்லக்கில் ஏறப் போனார்.

"அமைச்சரே, பல்லக்கும் மரம்தான்" என்றார் ராஜா. "உமக்குத்தான் கால் மிச்சம் இருக்கிறதே, நடந்தே போம்!"