பொத்தான் மேல் ஒரு பொட்டு

கல்லூரிக்கு அந்த வருஷம் வந்த அனுமதி ஒரே ஒரு புது கம்ப்யூட்டருக்குத்தான். ஆய்வகத்தில் நாலு பிள்ளைகளுக்கு ஒன்று என்று முட்டி மோதிக்கொண்டிருக்க, முதல்வர் திருவேங்கடம் அது தனக்கே வேண்டும் என்றார். அதைச் சொல்லவே துறைத்தலைவர்களைத் தன் அறையில் கூட்டி உட்கார வைத்திருந்தார்.

"நேத்துகூட அறிக்கை அடிக்கிறேன், இது சுத்திக்கிட்டே இருக்கு," என்று மேஜை மேலிருந்த தன் பழைய கம்ப்யூட்டரைக் காட்டியவர், வாசலில் நின்ற ஆய்வக உதவியாளர் சுகந்தியிடம் திரும்பினார். "என் வேகத்துக்கு ஈடு கொடுக்கிற ப்ராசசர் எதுன்னு இப்பவே சொல்லு. தெரியலைன்னா உனக்கு எதுக்கு அந்த வேலை?"

"சொல்லிடறேன் சார். உங்க வேகத்தை ஒரு தடவை பார்த்துட்டாப் போதும். இதைப் போட்டு, அந்த அறிக்கையைக் கொஞ்சம் அடிச்சுக் காட்டுங்க."

முதல்வர் குனிந்து விரலை நீட்டினார். நீட்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது. போன ஆயுத பூஜைக்கு சுகந்தி வைத்த சந்தனமும் குங்குமமும் பவர் பொத்தானை மூடிக் காய்ந்து, ஒரு கீறல்கூட விழாமல் இருந்தன. இது பங்குனி மாசம்.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. வேறு வழியில்லாமல் அமுக்கினார். சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது.

"உங்க வேகத்துக்கு எந்த ப்ராசசரும் தாங்கும் சார்," என்றாள் சுகந்தி, மெதுவாக.

புது கம்ப்யூட்டரை ஆய்வகத்துக்கே கொடுக்கச் சொல்லி, தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் இன்னும் கோப்பில் இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் குங்குமம்.