எந்த ராடு

துவாக்குடியில் மெஹருன்னிசா நடத்திய வெல்டிங் பயிற்சிக் கூடத்துக்குத் தனுஷ்கோடி வந்து சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தேழு வயது. டீச்சர் அவரைவிடப் பதினொரு வயது இளையவர்.

இருபத்திரண்டு வருடம் சொந்தப் பட்டறை வைத்திருந்தவர். கேட், கிரில், டிராக்டர், லாரி என்று அவர் ஒட்டாத இரும்பில்லை. அவருக்கு இங்கே என்ன வேலை என்று டீச்சர் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிஞ்சா போதும் டீச்சர். போயிடுவேன்."

"கேளுங்கண்ணே."

"எந்த ராடு போட்டிருந்தா அது விட்டிருக்காது?"

"எது?"

அவர் சொன்னார். போன ஐப்பசியில் ஒரு டிப்பர் லாரி பட்டறைக்கு வந்தது. தொட்டியைத் தூக்கும் ஜாக்கியைத் தாங்குகிற கொண்டியில் விரிசல். அடைமழையில் அதை அவர்தான் வெல்டு வைத்துக் கொடுத்தார். லாரியை ஓட்டியவன் மாயழகு. அவருடைய மனைவி செவந்திக்கு ஒரே தம்பி. மூன்றாம் நாள் கல்குவாரியில் தொட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, கிரீஸ் வைக்க அடியில் புகுந்தான். கொண்டி விட்டது. தொட்டி இறங்கியது.

"போலீஸ்ல என்ன எழுதினாங்க?"

"ஜாக்கியைக் கோக்கிற பின் உடைஞ்சதுன்னு. லாரி முதலாளி அப்படித்தான் சொன்னார்."

"உடைஞ்சது பின்தானா?"

"நான் போய்ப் பார்த்தேன். என் வெல்டை ஒட்டித்தான் விட்டிருந்துச்சு."

"வீட்டுல தெரியுமா?"

தனுஷ்கோடி தரையைப் பார்த்தார்.

"எந்த ராடுன்னு தெரிஞ்சிட்டா சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றார்.

டீச்சர் அவர் கையில், வெல்டு வைக்கும்போது உருகி ஒட்டுகிற ராடு ஒன்றைக் கொடுத்தார்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார். பிடிக்கிற முனைக்குப் பக்கத்தில், பூச்சின் மேல் சிறிய எழுத்து. இருபத்திரண்டு வருடமாக அவர் பார்க்காத எழுத்து. கடையில் 'பச்சைப் பெட்டி குடுங்க' என்றுதான் கேட்பார்; அதை டீச்சரிடமும் சொன்னார்.

"ஆறு, பூஜ்யம், ஒண்ணு, மூணு."

"முதல் ரெண்டும் பலம். சதுர அங்குலத்துக்கு அறுபதாயிரம் பவுண்டு இழுவை தாங்கும்."

"மூணாவது?"

"எந்த வாக்குல வச்சுப் போடலாம்னு. ஒண்ணுன்னா தரை, சுவர், தலைக்கு மேல, எல்லாம். ரெண்டுன்னா கீழ வச்சுதான் போடணும்."

"கடைசி?"

"மேல பூசியிருக்கிற மருந்து என்ன, எந்தக் கரண்ட்டுல போடணும்னு."

"அப்ப நான் போட்டது எது?"

"பச்சைப் பெட்டின்னீங்களே. உங்க கையில இருக்கிறதுதான்."

அவர் கையை விரித்தார். ராடு தரையில் விழுந்து பூச்சு உதிர்ந்தது.

அன்றைக்கு அவர் போகவில்லை. மறுநாளும் வந்தார். துறையூரிலிருந்து காலை முதல் பஸ் பிடித்து எட்டு மணிக்குக் கூடத்தில் இருப்பார். வந்ததும் ராடுகளை எடுத்துச் சூடான அடுப்புப் பெட்டியில் அடுக்குவது அவருக்குக் கொடுத்த வேலை. தட்டாமல் செய்தார். கூடத்துச் சடங்கு என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று மாதத்தில் எண்கள் பாடமாகின. வார்ப்பிரும்புக்கு நிக்கல் ராடு. எவர்சில்வருக்கு 308. எவர்சில்வரைச் சாதா இரும்போடு சேர்க்க 309. மெஷினில் சுருளாக ஓடி வருகிற கம்பிக்கு வேறு எழுத்து, வேறு எண். கனமான, கெட்டியான இரும்புக்கு 7018. தூக்கத்தில்கூட எண்களைச் சொல்கிறார் என்று செவந்தி சிரித்தாளாம். தம்பி போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஒரு திங்கட்கிழமை அவர் டீச்சரின் முன்னால் வந்து நின்றார்.

"கண்டுபிடிச்சிட்டேன். 7018 போட்டிருந்தா விட்டிருக்காது."

"நிச்சயமா?"

"நிச்சயமா. ராடு தப்பு. அதை இன்னிக்குப் போய் சொல்லிடுவேன்."

டீச்சர் எழுந்து போனார். லாரிக் கொண்டிக்குப் போடுகிற அதே மாதிரி இரும்பில் இரண்டு கனத்த துண்டுகளைக் கொண்டுவந்து, அசையாதபடி மேசையில் இறுக்கிக் கட்டினார். பிறகு தண்ணீர்க் குழாய்க்குக் கீழே கிடந்த ஒரு பெட்டியைக் காலால் இழுத்தார். திறந்த பெட்டி. அதிலிருந்து நான்கு ராடு எடுத்தார்.

"எண்ணைப் பாருங்க."

"7018."

"போடுங்க."

அவர் போட்டார். மேல்கசடைத் தட்டி எடுத்தபோது வெல்டு வரிவரியாக மீன் செதிள்போல் இருந்தது. ஆறியதும் டீச்சர் அதன்மேல் சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளை மாவை ஊதினார். எங்கேயாவது விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கசியும். கசியவில்லை.

"பார்த்தீங்களா?" என்றார் தனுஷ்கோடி.

"வீட்டுல இன்னிக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. புதன்கிழமை வாங்க."

"எதுக்கு டீச்சர்? அதான் நல்லா இருக்கே."

"புதன்கிழமை வாங்கண்ணே."

புதன்கிழமை அதே துண்டு, கட்டியது கட்டியபடி மேசையில் இருந்தது. யாரும் தொடவில்லை. டீச்சர் சாயப் புட்டியை அவரிடம் கொடுத்தார். அவரே அடித்தார், துடைத்தார், மாவை ஊதினார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெல்டை ஒட்டினாற்போல ஒரு சிவப்பு மயிரிழை தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டது.

தனுஷ்கோடி பெட்டியிலிருந்து ஒரு ராடை எடுத்து மறுபடி எண்ணைப் பார்த்தார்.

"ராடு சரியான ராடுதானே?"

"சரியான ராடுதான்."

"பின்ன?"

"ஈரம். பூச்சு ஈரத்தை இழுத்து வச்சிருக்கும். வெல்டு வைக்கும்போது அது வாயுவா இரும்புக்குள்ள போயிடும். போட்டன்னிக்கு ஒண்ணும் தெரியாது. இரும்பு ஆறி, உள்ளயே இழுத்து இழுத்து, ஒருநாள் ரெண்டுநாள் கழிச்சுத்தான் பிளக்கும்."

"அதுக்குத்தான் தினம் அடுப்புல..."

"ஆமா."

டீச்சர் ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அன்னிக்கு உங்க பட்டறையில ராடு எங்க இருந்துச்சுண்ணே?"

"தரையில."

"பெட்டி?"

"திறந்து கிடந்துச்சு. மேல தகரம் ஒழுகுது. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு..."

அவர் நிறுத்தினார்.

"அப்ப பச்சைப் பெட்டி இல்லாம 7018-ஏ வாங்கி வச்சிருந்தாலும், என் கையால போட்டா அவன் செத்துதான் இருப்பான்."

"இல்லை" என்று டீச்சர் சொல்வார் என அவர் காத்திருந்தார். டீச்சர் சொல்லவில்லை.

மாயழகு செத்து எட்டு மாதமாகியிருந்தது. பிணத்தைத் தூக்கும்போதும், பதினாறாம் நாளும் தனுஷ்கோடி அழவில்லை. இப்போது அந்த மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நெற்றியை இரும்பில் வைத்து அழுதார். டீச்சர் கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றார்.

அவர் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது டீச்சர் கேட்டார்.

"அண்ணிகிட்ட எந்த ராடுன்னு சொல்லப் போறீங்க?"

தனுஷ்கோடி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அதற்குப் பிறகு நான்கு நாள் அவர் வரவில்லை. ஐந்தாம் நாள் கூடத்தில் சான்றிதழ்த் தேர்வு; அவரும் பெயர் கொடுத்திருந்தார். அன்றைக்குக் காலையில் வந்தார். சவரம் செய்யாத முகம். தேர்வு எழுதுகிறவர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"சொல்லிட்டேன்" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"நான் வச்ச வெல்டுதான் விட்டுச்சுன்னு. ராடை நனைய விட்டது நான்தான்னு."

"ராடு நம்பர்?"

"சொல்லலை. அதெல்லாம் அவளுக்கு எதுக்கு?"

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"திட்டுவா, அடிப்பான்னு நின்னேன். ஒண்ணும் பண்ணலை. கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்." அவர் கழுத்துத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "கடைசி நாள் காலையில பட்டறைக்கு வந்தானே, சாப்பிட்டுட்டுப் போனானான்னு கேட்டா."

"சாப்பிட்டாரா?"

"என் தூக்குச்சட்டியிலருந்து ரெண்டு இட்லி எடுத்துத் தின்னான். போதும் மாமான்னு ஓடிட்டான். அதைச் சொன்னேன். அவ்வளவு நேரம் நின்னுக்கிட்டு இருந்தவ அப்படியே உட்கார்ந்துட்டா."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"விடிஞ்சதும் துணியை எடுத்து வச்சுக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டா. நான் தடுக்கலை. என்ன முகத்தை வச்சுக்கிட்டுத் தடுக்கிறது? நேரா இங்க வந்துட்டேன்."

உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள். நான்காவது பெயர் தனுஷ்கோடி. அவர் முகமூடியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் நகரவில்லை.

"டீச்சர், அவ திரும்பி வருவாளா?"

"மாயழகோட அம்மாவுக்கு விஷயம் தெரியுமா?"

"தெரியாது. பின் உடைஞ்சதுன்னுதான் அத்தை நினைச்சிட்டிருக்கு."

"அண்ணி எத்தனை மணி பஸ்ஸுக்குப் போனாங்க?"

"ஏழரை."

"இந்நேரம் இறங்கியிருப்பாங்களா?"

"இன்னும் இல்லை. மணப்பாறையில பஸ் மாறணும். பன்னெண்டு மணி ஆகும்."

மறுபடி அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

டீச்சர் அவர் கையிலிருந்த முகமூடியை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"பெத்தவகிட்ட அதை அவங்க தனியாவா போய் சொல்றது?"